25 நிமிடத்தில் முடியும் பேட்டிகள்

வாசகி ஒருவர் எழுதியிருக்கும் நீண்ட கடிதத்தின் சாரம்:

"பொருளாதாரத்தில் முதுகலை முடித்து, வளர்ச்சிப் பொருளாதார ஆய்வு ஒன்றில் கள ஆய்வு உதவியாளராகச் சேர்ந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. சிறுகடன் பெற்ற குடும்பங்களையும் பெறாத குடும்பங்களையும் ஒப்பிடும் ஆய்வு. வருமானம், செலவு, கடன் என்று கேட்டு முடிக்கச் சராசரியாக 70 நிமிடம் ஆகிறது. எங்கள் குழுவிலேயே அதிக அனுபவமுள்ள கணக்கெடுப்பாளர் ஒருவரின் பேட்டிகள் மட்டும் சில வாரங்களாக 25, 30 நிமிடங்களில் முடிந்துவிடுகின்றன. அவர் வயதில் மூத்தவர். எனக்குக் களத்தைக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். மேலாளரிடம் சொன்னால், 'கெடு நெருங்குகிறது, முதலில் கணக்கெடுப்பு முடியட்டும், பிறகு பார்க்கலாம்' என்கிறார். முதன்மை ஆய்வாளரான பேராசிரியர் வேறு நாட்டில் இருக்கிறார். மேற்படிப்புக்கு அவருடைய பரிந்துரைக் கடிதத்தைத்தான் நம்பியிருக்கிறேன். பிரச்சினை கிளப்புகிறவள் என்று பெயர் எடுக்கப் பயமாக இருக்கிறது. இதற்கிடையே ஒரு வீட்டில் ஒரு பெண்மணி, 'இவ்வளவும் கேட்கிறீர்களே, இதனால் எனக்கு என்ன கிடைக்கும்?' என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இந்த வேலையில் தொடரலாமா? முனைவர் பட்டப் படிப்புக்கு இது உண்மையிலேயே உதவுமா?"

அன்புள்ள வாசகிக்கு,

பேராசிரியரிடம் சொல்லுங்கள். கணக்கெடுப்பு முடிவதற்குள் சொல்லுங்கள். களப்பணியில் பிறகு பார்ப்பது என்பது நடக்காத காரியம். குழு கலைந்துவிடும், தற்காலிகப் பணியாளர்களின் ஒப்பந்தம் முடிந்துவிடும், பேட்டி கொடுத்த குடும்பங்களில் சில ஊர் மாறியிருக்கும். இன்று ஒரு வீட்டுக்குப் போய், "போன வாரம் எங்கள் ஆள் வந்தாரா, எவ்வளவு நேரம் பேசினார்?" என்று கேட்கலாம். ஆறு மாதம் கழித்து அந்தக் கேள்விக்கு யாராலும் உருப்படியாகப் பதில் சொல்ல முடியாது.

சொல்லும் பொறுப்பு ஏன் உங்கள்மேல் விழுகிறது என்பதையும் யோசியுங்கள். கணக்கெடுப்பாளர் வீட்டைப் பார்க்கிறார், தரவுக்கோப்பைப் பார்ப்பதில்லை. பேராசிரியர் தரவுக்கோப்பைப் பார்க்கிறார். அதிலுள்ள ஒரு வரி எந்த வீட்டுத் திண்ணையில், யார் யார் சுற்றி நின்றிருந்தபோது பிறந்தது என்பது அவருக்குத் தெரியாது. காலையில் அந்த வீட்டிலும் மாலையில் அந்த வரியிலும் கண் வைத்திருக்கும் ஒரே ஆள் நீங்கள். இந்தப் பதவியின் முழு மதிப்பும் அந்த இடத்தில்தான் இருக்கிறது. பயண ஏற்பாடு, சம்பளப் பட்டியல், டேப்லெட்டுக்கு மின்னேற்றம் என்று நாள் முழுக்க ஓடும் வேலைகளை வேறு யாரும் செய்துவிடலாம். வீட்டில் நடந்ததற்கும் கோப்பில் இருப்பதற்கும் இடையே விரிசல் தெரிந்தால் அதைச் சொல்ல உங்களை விட்டால் ஆள் இல்லை.

நம் துறை இதை ஒருவிதத்தில் மறைத்தும் வைத்திருக்கிறது. மெக்சிகோவில் ஏழைக் குடும்பங்களுக்கு உதவித்தொகை தர 1997இல் தொடங்கிய புரோகிரெசா திட்டத்தில் 506 கிராமங்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, 320 கிராமங்களுக்கு உதவித்தொகையை முதலில் கொடுத்து, 186 கிராமங்களைப் பிறகு சேர்த்துக்கொண்டார்கள். 2002இல் ஐபிஏ, 2003இல் ஜே-பால் என்று, இப்படிக் குலுக்கல் முறையில் குழு பிரிக்கும் சமவாய்ப்புச் சோதனைகளுக்கென்றே ஆய்வு அமைப்புகள் வந்தன. 2019இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரெமர் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இந்த வரலாற்றைப் படிக்கும் மாணவர்கள் சமவாய்ப்பு ஒதுக்கீட்டின் அழகில் மயங்குகிறார்கள். நானும் மயங்கியவன்தான், இன்றும் மயங்குகிறேன். ஆனால் அது இரண்டு குழுக்களை ஒப்பிடத்தக்கவை ஆக்குகிறது, அவ்வளவே. கேட்காத கேள்விக்கு எழுதப்பட்ட விடையை அது மெய்யாக்காது.

உதய்ப்பூரில் ஒற்றை ஆசிரியர் பள்ளிகளில் நடந்த சோதனையைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். நாளின் தொடக்கத்திலும் முடிவிலும் மாணவர்களோடு ஆசிரியரைப் படம் எடுக்கச் சொல்லி, வந்த நாட்களுக்கு ஏற்பச் சம்பளம் கொடுத்தபோது, ஆசிரியர்கள் வராத நாட்களின் விகிதம் 42 சதவீதத்திலிருந்து 21 சதவீதமாகக் குறைந்தது. எல்லோரும் கேமராவை நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்த 42ஐயும் 21ஐயும் அளந்தது கேமரா அல்ல. கேமரா இருந்த பள்ளி, இல்லாத பள்ளி இரண்டுக்கும் மாதம் ஒரு முறை, முன்னறிவிப்பு இல்லாமல், யாரோ ஒருவர் நேரில் போய் ஆசிரியர் இருக்கிறாரா என்று பார்த்தார். அந்த ஆள் ஒரு மழை நாளில் சோம்பல்பட்டு வீட்டிலேயே உட்கார்ந்து படிவத்தை நிரப்பியிருந்தால் இன்று பாடப்புத்தகத்தில் இருக்கும் எண் வேறாக இருந்திருக்கும்.

இனி உங்கள் கணக்கெடுப்பாளரிடம் வருகிறேன். சந்தேகத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மேலே போகாதீர்கள். ஒரு மனிதரின் பிழைப்பும் பெயரும் இதில் இருக்கின்றன. குறைந்த நேரம் என்பது குற்றத்துக்குச் சான்று ஆகாது. அவருக்கு ஒதுக்கப்பட்ட ஊரில் குடும்பங்கள் சிறியவையாக இருக்கலாம். கடனே இல்லாத வீடுகளாக இருந்தால் கடன் பகுதி முழுவதும் தாண்டிப் போய்விடும். வினாத்தாள் அவருக்கு மனப்பாடம் ஆகியிருக்கலாம். அல்லது அவர் பேட்டியைத் தாளில் எடுத்துவிட்டு மாலையில் டேப்லெட்டில் ஏற்றிக்கொண்டிருக்கலாம். அது விதிமீறல்தான், ஆனால் இட்டுக்கட்டல் அல்ல. இந்த நான்கும் உங்கள் சாதனத்தில் ஒரே 25 நிமிடமாகத்தான் தெரியும்.

ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது. அனுபவசாலிகளிடம் நான் அதிகம் கண்டது அதைத்தான். கேள்வியைச் சுருக்கிக் கேட்பது. செலவுப் பகுதியில் பொருள்களை ஒவ்வொன்றாக வாசிக்க வேண்டிய இடத்தில், "மற்றபடி வேறு செலவு ஏதாவது உண்டா?" என்று ஒரே கேள்வியாகக் கேட்டு, வந்த விடையைப் பிரித்து எழுதிவிடுவார்கள். செய்கிறவருக்கு இதில் பொய் சொன்ன உணர்வே இருக்காது. எதிரில் இருப்பவரின் நேரத்தை மிச்சப்படுத்திய திருப்திகூட இருக்கும். ஆனால் கேட்கும் முறை மாறினால் விடை மாறும். இந்தியாவின் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு 1999-2000இல் உணவுச் செலவைக் கடைசி 7 நாளுக்கும் கடைசி 30 நாளுக்கும் ஒரே வீட்டில் அடுத்தடுத்துக் கேட்டது. ஒரு விடை மற்றதைப் பாதித்தது. 1993-94இல் 36 சதவீதமாக இருந்த வறுமை 26 சதவீதமாகக் குறைந்ததாக அதிகாரபூர்வக் கணக்கு சொன்னது; அதில் எவ்வளவு உண்மையான குறைவு, எவ்வளவு கேள்வி மாறியதால் வந்தது என்று பொருளாதார அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் வாதாடினார்கள். ஒரு தேசத்தின் வறுமைக் கணக்கையே கேள்வி கேட்ட விதம் குழப்ப முடிந்திருக்கிறது. உங்கள் செலவுப் பகுதியைச் சுருக்குவது சிறிய விஷயம் அல்ல.

எது நடந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டிய தடயங்கள் பெரும்பாலும் ஏற்கெனவே உங்களிடம் இருக்கின்றன. டேப்லெட்டில் பேட்டி எடுக்கப் பயன்படும் சர்வேசிடிஓ போன்ற மென்பொருள்களில் ஒவ்வொரு கேள்விக்கும் எவ்வளவு நேரம் செலவானது என்ற பதிவை இயக்கிவைக்க முடியும். உங்கள் ஆய்வில் அது இயங்குகிறதா என்று முதலில் பாருங்கள். மொத்த நேரத்தைப் பார்க்காமல் பகுதிவாரியாகப் பிரித்துப் பாருங்கள். எல்லாப் பகுதிகளும் சீராகக் குறைந்திருந்தால் அவர் வேகமாகப் பேசுகிறவர். செலவுப் பட்டியல் மட்டும் இரண்டு நிமிடத்தில் முடிந்திருந்தால் அதை வாசிக்கவில்லை. எல்லா விடைகளும் சில நொடி இடைவெளியில் விழுந்திருந்தால் எதிரே ஆளே இல்லை என்று அஞ்ச வேண்டும்.

அடுத்தது வாசல் கேள்விகள். "கடந்த ஓராண்டில் வேறு யாரிடமாவது கடன் வாங்கினீர்களா?" என்பதற்கு 'ஆம்' என்றால் பன்னிரண்டு கேள்விகள் திறக்கும், 'இல்லை' என்றால் அடுத்த பக்கம் போய்விடலாம். எந்தக் கணக்கெடுப்பாளரும் சில வாரங்களில் இதைத் தெரிந்துகொள்வார். அவருடைய 'இல்லை' விகிதத்தை அதே ஊர்களில் வேலை செய்த மற்றவர்களுடையதோடு ஒப்பிடுங்கள். அவருடைய முதல் மாதத்தையும் இந்த மாதத்தையும் ஒப்பிடுங்கள். இதைச் செய்யும்போது மற்றவர்களின் விகிதமும் மெல்ல ஏறிக்கொண்டிருப்பது தெரியவரலாம். அப்படித் தெரிந்தால் அது தனிமனிதரின் பிரச்சினை அல்ல, வினாத்தாளின் பிரச்சினை.

வயதுப் பத்தியையும் பாருங்கள். பிறந்த தேதி உறுதியாகத் தெரியாத மக்களிடம் வயது கேட்டால் 30, 35, 40, 45 என்று பூஜ்யத்திலும் ஐந்திலும் முடியும் எண்கள் குவியும். மக்கள்தொகை ஆய்வாளர்கள் இந்தக் குவியலை அளக்கத் தனிக் குறியீடே வைத்திருக்கிறார்கள். மெய்யான தரவு இப்படிக் கரடுமுரடாகத்தான் இருக்கும். 'தெரியாது' என்ற விடை வரும், நம்ப முடியாத அளவு பெரிய கடன் ஒன்று வரும், பாதியில் பேட்டியை நிறுத்திய வீடு வரும். உட்கார்ந்த இடத்தில் எழுதுகிறவர் பெரும்பாலும் பிறர் கண்ணை உறுத்தாத நடுத்தரமான எண்களையே எழுதுவார். ஒருவருடைய தரவு மட்டும் மற்ற எல்லோருடையதையும்விடச் சுத்தமாக இருந்தால் அதைப் பாராட்டும் முன் ஒரு முறை சோதியுங்கள்.

இவ்வளவும் மேசையில் உட்கார்ந்து செய்வது. கடைசியில் வீட்டுக்குப் போய்த்தான் தீர வேண்டும். பேட்டி எடுத்த வீடுகளில் சுமார் 10 சதவீதத்துக்கு மறுசரிபார்ப்புக்காகத் திரும்பப் போவது பல ஆய்வுகளில் வழக்கம். வேறு ஆட்கள் போக வேண்டும். அவருடைய வீடுகளுக்கு மட்டும் போகாதீர்கள். எல்லோருடைய வீடுகளிலும் சிலவற்றையும் அவருடையவற்றில் கூடுதலாகவும் எடுங்கள். அப்போதுதான் ஒப்பிட அளவுகோல் கிடைக்கும், அவரை மட்டும் குறிவைத்ததாகவும் ஆகாது. முழு வினாத்தாளையும் கேட்க வேண்டியதில்லை. யாராவது வந்தார்களா, எவ்வளவு நேரம் இருந்தார்கள், குடும்பத் தலைவர் எதுவரை படித்தார், வீட்டில் எத்தனை பேர் என்று மாறாத விஷயங்கள் சில போதும். இவற்றில் முரண் வந்தால் பேட்டி நடந்ததா என்பதே கேள்வி. கடந்த மாத வருமானம் போன்ற கடினமான கேள்வி ஒன்றிரண்டும் சேருங்கள். ஆனால் அதில் முரண் வந்தால் கணக்கெடுப்பாளரைக் குற்றம் சொல்ல முடியாது. அதே மனிதரிடம் இரண்டு முறை வருமானம் கேட்டால் நேர்மையாகவே இரண்டு விடைகள் வரும்.

அவரோடு ஒரு நாள் நீங்களும் போங்கள். ஒளிந்து நின்று கவனிக்க வேண்டாம், "நாளை உங்களோடு வருகிறேன்" என்று சொல்லிவிட்டே போங்கள். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது பேட்டி 70 நிமிடம் ஆகிறதென்றால் உங்களுக்கு வேண்டிய விடை பாதி கிடைத்துவிட்டது. திரும்பி வரும்போது எண்களை அவர் முன் வைத்து, என்ன நடக்கிறது என்று கேளுங்கள். மூத்தவரிடம் காட்ட வேண்டிய மரியாதை அதுதான்: அவர் முதுகுக்குப் பின்னால் முடிவு செய்யாமல் இருப்பது. அவர் சொல்லும் காரணத்தை அவர் சொன்னபடியே குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காரணத்தில் உங்கள் நிறுவனத்துக்கும் பங்கு இருக்கக்கூடும். உங்கள் கடிதத்தில் அன்றாட இலக்கு என்ன என்று இல்லை. நாளுக்கு ஐந்து பேட்டி என்று வைத்துக்கொண்டால், 70 நிமிடப் பேட்டிக்கு அதுவே 350 நிமிடம், ஏறக்குறைய ஆறு மணி நேரம். ஊருக்குப் போகும் பயணம், வீடு தேடும் நடை, ஆள் இல்லாத வீட்டுக்கு இரண்டாம் முறை, மூன்றாம் முறை போவது எல்லாம் அதற்கு வெளியே. முடித்த பேட்டிக்கு இவ்வளவு என்று கூலியும் நிர்ணயித்திருந்தால், நேர்மையாக வேலை செய்கிறவர் குறைவாகச் சம்பாதிப்பார் என்று நீங்களே விதி எழுதிவைத்தது போலாகும். நாள் சம்பளத்துக்கு மாறுவது, பேட்டியின் நீளத்தைக் குறைப்பது, ஆள் இல்லாத வீட்டை இல்லை என்று பதிந்தால் தண்டனை இல்லை என்று தெளிவாகச் சொல்வது ஆகியவை ஒருவரைப் பணிநீக்கம் செய்வதைவிட அதிகம் பயன் தரும். அதற்காக இட்டுக்கட்டியதை மன்னித்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அது நிரூபணமானால் அவர் இந்தக் கணக்கெடுப்பில் தொடரக் கூடாது.

பேராசிரியருக்கு இது ஏன் அவசரம் என்பதை ஒரு பத்தியில் நீங்களே அவருக்குக் காட்ட முடியும். விளைவை அளப்பதில் ஏற்படும் பிழை இரண்டு குழுக்களிலும் ஒரே மாதிரி விழுந்தால், முடிவின் துல்லியம் குறையும், ஆனால் முடிவு ஒரு பக்கமாகச் சாயாது. ஒரு குழுவில் மட்டும் அதிகம் விழுந்தால் முடிவே கோணலாகும். உங்கள் கணக்கெடுப்பாளருக்கு ஊர்கள் எப்படி ஒதுக்கப்பட்டன? கடன் பெற்ற ஊர்கள் அவருக்கு அதிகம் போயிருந்து, அவர் கடன் பகுதியை 'இல்லை' என்று கடந்திருந்தால், சிறுகடன் வந்த பிறகு மக்கள் வெளிக்கடன் வாங்குவது குறைந்தது என்று உங்கள் ஆய்வு கண்டுபிடிக்கும். அது கட்டுரையாகும், யாரோ ஒரு கொள்கை வகுப்பாளர் அதை மேற்கோள் காட்டுவார். இல்லாத விளைவு. இந்த ஒரு அட்டவணையை, அதாவது அவருடைய பேட்டிகள் எந்தக் குழுவில் எத்தனை என்பதை, உங்கள் மின்னஞ்சலில் கட்டாயம் சேருங்கள். எந்த ஊர் எந்தக் குழு என்று உங்களுக்குத் தெரியாமல் வைத்திருக்கிறார்கள் என்றால், அதைச் சரிபார்க்கும்படி பேராசிரியரையே கேளுங்கள்.

மின்னஞ்சல் குறுகியதாக இருக்கட்டும். ஏறக்குறைய இப்படி: "கணக்கெடுப்பாளர் எண் 7இன் பேட்டி நேரம் இந்தத் தேதியிலிருந்து குழுவின் சராசரியில் பாதிக்கும் குறைவாக இருக்கிறது. பகுதிவாரி நேரம், வாசல் கேள்விகளின் விகிதம், மறுசரிபார்ப்பு முடிவு மூன்றையும் இணைத்துள்ளேன். அவரிடம் பேசினேன், அவர் சொன்ன விளக்கம் கீழே. காரணம் எதுவென்று இன்னும் உறுதியாகவில்லை. பாதிக்கப்பட்டிருக்கக்கூடிய பேட்டிகளுக்குக் குறியிட்டு வைத்திருக்கிறேன், எதையும் நீக்கவில்லை. இந்த வீடுகளில் மறுபேட்டி எடுக்க எத்தனை நாளும் எவ்வளவு செலவும் ஆகும் என்று கணக்கிட்டுள்ளேன். எப்படித் தொடரலாம் என்று சொல்லுங்கள்." பெயர் வேண்டாம், எண் போதும். பெயரடைகள் வேண்டாம். எதையும் நீக்கவில்லை என்ற வரி முக்கியம். எந்தப் பேட்டியைத் தள்ளுவது என்ற முடிவை முடிவுகளைப் பார்த்த பிறகு எடுத்தால், அல்லது நீங்கள் தனியாக எடுத்தால், அதுவே இன்னொரு குளறுபடி.

அனுப்பும் முன் மேலாளரிடம் காட்டுங்கள். அவருடைய அனுமதிக்காக அல்ல, தன்னைத் தாண்டிப் போய்விட்டாள் என்று அவர் நினைக்காமல் இருப்பதற்காக. "இதை இன்று அனுப்புகிறேன், நீங்கள் சேர்க்க வேண்டியது ஏதாவது உண்டா?" என்று கேளுங்கள். கெடுவின் சுமை உண்மையில் அவர் தலையில்தான் இருக்கிறது. மறுபேட்டிக்கு நாள் கேட்டு மின்னஞ்சல் போனால் அந்தச் சுமையும் குறையும் என்று அவர் புரிந்துகொள்ள வாய்ப்பு உண்டு.

பரிந்துரைக் கடிதம் பற்றிய உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்தக் காலத்தில் எந்தப் பேராசிரியரும் அஞ்சுவது உதவியாளரின் மின்னஞ்சலை அல்ல; கட்டுரை வெளிவந்த பிறகு வேறொருவர் எழுதும் மின்னஞ்சலை. அமெரிக்காவில் வீடு வீடாகப் போய்ப் பேசினால் மக்களின் மனம் மாறுகிறது என்று சொன்ன அரசியல் அறிவியல் கட்டுரை ஒன்று 2014இல் சயன்ஸ் இதழில் வந்து உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அதைப் போலவே களத்தில் செய்ய முயன்ற இளம் ஆய்வாளர்கள் டேவிட் புரூக்மேன், ஜோஷுவா கல்லா இருவருக்கும், அந்தக் கட்டுரையில் சொன்ன அளவுக்கு ஆட்கள் கருத்துக்கணிப்பில் சேரவில்லை. தோண்டிப் பார்த்தபோது தரவின் அடிப்படையே ஆட்டம் கண்டது. 2015இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. களத்தில் ஆட்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்று கையால் தொட்டு அறிந்தவர்களுக்குத்தான் அந்தத் தரவு வழுவழுவென்று இருப்பது உறைத்தது.

நேர்மாறான உதாரணமும் உண்டு. கென்யாவில் 75 பள்ளிகளில் கிரெமரும் எட்வர்ட் மிகேலும் செய்த குடற்புழு நீக்க ஆய்வை 2015இல் வேறு ஆய்வாளர்கள் மறுபடி கணக்கிட்டபோது சில கணக்கீட்டுப் பிழைகள் வெளிவந்தன. மூல ஆசிரியர்கள் தரவையும் நிரல்களையும் கொடுத்து உதவினார்கள், பிழைகளை ஒப்புக்கொண்டார்கள், முடிவுகளை எப்படி வாசிப்பது என்பதில் கடுமையாக வாதாடினார்கள். அந்த விவாதம் இன்றும் முடியவில்லை. ஆனால் விவாதிக்க ஏதாவது இருந்ததே, யாரோ ஒழுங்காகக் கோப்புகளைக் காத்துவைத்ததால்தான். இப்போது உங்கள் கையில் இருப்பவை அப்படிப்பட்ட கோப்புகள்.

அந்தப் பெண்மணியின் கேள்விக்கு வருகிறேன். உங்களால் பதில் சொல்ல முடியாமல் போனது நல்ல அறிகுறி. பலர் அந்த இடத்தில் பொய் சொல்லிவிடுகிறார்கள். "திட்டம் வரும்", "உங்கள் பெயரைச் சேர்த்துக்கொள்வார்கள்" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். 1979இல் அமெரிக்காவில் வந்த பெல்மாண்ட் அறிக்கை மனித ஆய்வுக்கு மூன்று அடிப்படைகளை வகுத்தது: மனிதரை மதித்தல், நன்மை நாடல், நீதி. உங்கள் ஒப்புதல் படிவத்தில் இருக்கும் வாசகங்கள் அங்கிருந்து இறங்கி வந்தவைதான். அந்த வாசகங்களின் உயிர் இவ்வளவே: மறுத்துவிட்டுப் போகலாம், பாதியில் நிறுத்தலாம், பதில் சொல்லாவிட்டால் எதுவும் பறிபோகாது என்பதை அவர் நம்ப வேண்டும். வேகமாக வாசித்துக் கையெழுத்து வாங்குவதால் அந்த நம்பிக்கை வராது.

நான் அந்த இடத்தில் சொல்வது: "உங்களுக்கு நேரடியாக எதுவும் கிடைக்காது, அம்மா. கடன் கொடுத்தால் குடும்பங்களின் நிலை தேறுகிறதா, மோசமாகிறதா என்று எங்களுக்குத் தெரியாது. உங்களைப் போன்ற பலரிடம் கேட்டால்தான் தெரியும். விருப்பம் இல்லையென்றால் இப்போதே நிறுத்திக்கொள்கிறேன்." சிலர் எழுந்து போய்விடுவார்கள். போகட்டும். மறுப்பவர்களின் எண்ணிக்கையும் ஒரு தரவுதான். அதை மறைக்க வேண்டியதில்லை. இருந்து பேசுகிறவர்களின் நேரத்துக்கு உங்கள் ஆய்வு ஏதாவது ஈடு கொடுக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் ஏன் இல்லை என்று, ஆய்வுக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுவுக்குப் போகும் அடுத்த விண்ணப்பத்தின்போது கேளுங்கள். முடிவுகளை ஒரு பக்கத்தில் எளிய மொழியில் எழுதி அந்த ஊர்களில் வாசித்துக் காட்ட நேரமும் பணமும் ஒதுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான ஆய்வுகளில் இது நடப்பதில்லை. அது எனக்குத் தீராத வருத்தம். கேட்க யாரும் இல்லாததால் திட்டச் செலவில் அதற்கு வரியே இருப்பதில்லை, அதனால்தான் உங்களைக் கேட்கச் சொல்கிறேன்.

இந்தக் கேள்விக்கும் அந்த 25 நிமிடங்களுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஒருவர் 70 நிமிடம் தன் வேலையை விட்டுவிட்டு, தன் கடனைப் பற்றி அந்நியரிடம் சொன்ன பிறகு, அவர் சொன்னது பக்கத்து ஊரின் இட்டுக்கட்டிய பேட்டிகளோடு கலந்து பயனற்றுப் போனால், அவர் நேரத்தை நாம் வாங்கிக்கொண்டு எறிந்துவிட்டோம் என்று பொருள். தரவின் தரம் என்பது அவருக்கு நாம் செலுத்த வேண்டிய குறைந்தபட்சக் கடன்.

முனைவர் பட்டம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உதவும், ஆனால் தானாக உதவாது. களத்திலேயே முழு நேரமும் போய்விட்டால், இரண்டாண்டு முடிவில் கணிதமும் புள்ளியியலும் துருப்பிடித்திருக்கும். சேர்க்கைக் குழுக்கள் முதலில் பார்ப்பது அவற்றைத்தான். ஸ்டேட்டா, ஆர் என்ற இரண்டு புள்ளியியல் மென்பொருள்களில் ஒன்றில் உங்கள் சரிபார்ப்பு நிரல்களை நீங்களே எழுதுங்கள், வேறொருவர் ஒரே சொடுக்கில் இயக்கும்படி எழுதுங்கள். மேலே சொன்ன பகுதிவாரி நேர ஆய்வையே அதற்குப் பயிற்சியாக வைத்துக்கொள்ளலாம். எம்ஐடி பொருளாதாரத் துறையும் ஜே-பாலும் சேர்ந்து இணையவழியில் நடத்தும் மைக்ரோமாஸ்டர்ஸ் பாடங்கள் வேலையோடு சேர்த்துப் படிக்கக்கூடியவை. கட்டுரையில் ஆசிரியராகப் பெயர் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். உதவியாளருக்குப் பெரும்பாலும் நன்றியுரையில்தான் இடம். பேராசிரியரின் கடிதத்தில் எடை சேர்ப்பது "கடினமாக உழைத்தார்" என்ற வரி அல்ல. "எங்கள் தரவில் இருந்த பிரச்சினையை இவர்தான் கண்டார், அதற்குத் தீர்வையும் கொண்டுவந்தார்" என்ற வரி. அதற்கான சந்தர்ப்பம் இப்போது உங்கள் முன்னால் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இதே பதவியில் இருக்க வேண்டாம். அதற்குப் பிறகு கற்பது குறைந்து, நிர்வாகம் மட்டும் கூடும்.

தொடரலாமா என்று கேட்டீர்கள். மின்னஞ்சலுக்கு என்ன பதில் வருகிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள். மறுபேட்டிக்கு நாள் ஒதுக்கினால், அல்லது பணம் இல்லை, ஆனால் இந்தப் பேட்டிகள் ஐயத்துக்குரியவை என்று கட்டுரையில் எழுதுவோம் என்றால், தயங்காமல் தொடருங்கள். இரண்டும் நேர்மையான பதில்கள். பதிலே வராவிட்டால் ஒரு வாரம் கழித்து, கள முடிவுத் தேதியைக் குறிப்பிட்டு மறுபடி எழுதுங்கள். குறியை எடுத்துவிடு, யாரிடமும் சொல்லாதே என்று பதில் வந்தால் அந்த அறிவுறுத்தலை எழுத்தில் வாங்கிக்கொண்டு, ஆய்வுக்கு ஒப்புதல் அளித்த நெறிமுறைக் குழுவுக்குத் தெரிவியுங்கள். அந்தக் குழுவின் முகவரி வழக்கமாக ஒப்புதல் படிவத்திலேயே இருக்கும். பிறகு வேறு வேலை தேடுங்கள். போகும்போது உங்கள் நிரல்களையும் சரிபார்ப்புக் குறிப்புகளையும் திட்டத்தின் கோப்புறையிலேயே தேதியிட்டு விட்டுச் செல்லுங்கள். தற்காப்புக்காகக்கூடத் தரவின் நகலை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அதில் அந்தக் குடும்பங்களின் பெயர்களும் கடன்களும் இருக்கின்றன.